ஸ்கான் செய்த மலர்களில் பெயர் தேடவும் முடியவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வருடங்களாக எங்கள் பகுதியில் கோயில்களும் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் தங்களிடம் எஞ்சியிருக்கும் பழைய விழா மலர்களையும் ஆண்டறிக்கைகளையும் ஸ்கான் செய்து இணையத்தில் போட்டுவருகின்றன. 1981 இல் யாழ். பொது நூலகத்தோடு 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அலுமாரியில் விட்டுவந்த புத்தகங்களும் கடிதங்களும் திரும்பிவந்து பார்க்கையில் பல வீடுகளில் இருக்கவில்லை. இருந்த மிச்சத்தில் கறையான் பிடித்திருந்தது. ஆகவே ஒரு பழைய மலர் ஸ்கானருக்குள் போவதைப் பார்த்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடும். ஆனால் அந்த வேலை பெரும்பாலான இடங்களில் பாதியில் நின்றுவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இப்போது எங்கள் ஊர் வாசிகசாலையில் பழைய வெளியீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். கிட்டடியில் கனடாவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கதைத்தார். தன் தாயின் தகப்பனார் இங்கே கடை வைத்திருந்தவர், கோயில் திருப்பணிக்கு உதவியவர் என்று வீட்டில் சொல்வார்களாம். இணையத்தில் இருக்கிற கோயில் மலரை எடுத்து அவருடைய பெயரை அடித்துத் தேடியிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. "இல்லைப் போலிருக்குது ரீச்சர், அம்மா சும்மா சொல்லியிருப்பா" என்றார். நான் மலரின் மூலப் பிரதியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். 1960களில் வந்த கும்பாபிஷேக மலர் அது. உபயகாரர் பட்டியலில் அந்த மனுசனின் பெயர், கடை இருந்த சந்தி, கொடுத்த தொகை மூன்றும் தெளிவாக அச்சாகியிருந்தன.

மலர் இருக்கிறது, பெயரும் இருக்கிறது, ஆனால் தேடல் பெட்டி ‘இல்லை’ என்று சொல்லிவிட்டது. ஒரு தாய் சொன்னதை மகள் நம்பாமல் விடுவதற்கு அது போதுமாக இருந்தது. இந்தக் கடிதத்தை எழுதவேண்டும் என்று நான் முடிவுசெய்தது அன்றைக்குத்தான்.

காரணம் எளிது. ஸ்கான் செய்த பி.டி.எப். கணினிக்கு வெறும் படம். நாங்கள் பார்த்தால் எழுத்து, அதற்குக் கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பார்த்து இது ‘க’, இது ‘கு’ என்று அடையாளம் கண்டு எழுத்தாக்கித் தருவதற்குத் தனியாக ஒரு மென்பொருள் ஓடவேண்டும். அதை ஓ.சி.ஆர். என்பார்கள், தமிழில் எழுத்துணரி. அது ஓடி முடிந்தால், பக்கத்தின் படம் அப்படியே இருக்க, அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து அடுக்கு சேரும். அதன் பிறகுதான் பெயரை அடித்தால் அந்தப் பக்கம் வரும்.

இதற்குப் பெரிய செலவு வேண்டும் என்று பல நிர்வாக சபைகள் நினைக்கின்றன. வேண்டாம். பக்கத்தை கூகிள் ட்ரைவில் ஏற்றி, கூகிள் டொக்ஸில் திறந்தால் படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். கைத்தொலைபேசி பாவிக்கிற எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை. முழுப் புத்தகமாகச் செய்ய விரும்பினால் டெசராக்ட் என்ற எழுத்துணரி இருக்கிறது. எச்.பி. நிறுவனத்தில் 1980களில் தொடங்கி, 2005 இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள். 2018 இல் வந்த அதன் 4 ஆம் பதிப்பிலிருந்து தமிழை முன்னையைவிட நன்றாக வாசிக்கிறது. காசில்லை, இணையமும் வேண்டியதில்லை, பழைய லப்டொப்பிலும் ஓடும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கமென்றால் இரண்டு மொழியையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆங்கில முதலெழுத்தையும் தமிழாக வாசிக்கப் பார்க்கும். அதே டெசராக்டை உள்ளே வைத்துக்கொண்டு, பி.டி.எப். கோப்பைக் கொடுத்தால் எழுத்து அடுக்கோடு திருப்பித் தருகிற ஓ.சி.ஆர்.மைபி.டி.எப். என்ற இலவசக் கருவியும் உண்டு. எங்கள் வாசிகசாலைக்கு வருகிற, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற ஒரு தம்பிதான் அதை எனக்குக் காட்டித் தந்தார்.

ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்துப் பழைய அச்சில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வேலை தொடங்குகிற எல்லோரும் அதை முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும். 1978 இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை நான்கும் தலையில் தும்பிக்கை வைத்து வரும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக நிற்காமல் சுழித்துச் சேர்ந்து வரும். இங்கே ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த அச்சகங்கள் அதற்குப் பிறகும் கன காலம் பழைய எழுத்தையே பாவித்தன. டெசராக்டுக்குத் தமிழைப் பழக்கியதோ பெரும்பாலும் இன்றைய கணினி எழுத்துருக்களைக் காட்டித்தான்.

எங்கள் பெயர்களில் இது எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். வேலுப்பிள்ளை, கணபதிப்பிள்ளை, தம்பிப்பிள்ளை. பழைய பட்டியல் ஒன்றில் பிள்ளை இல்லாத பக்கம் கிடையாது. பொன்னையா, சின்னையா, சின்னாச்சி, அண்ணாமலை. ஊர்களை எடுத்தால் சுன்னாகம், வண்ணார்பண்ணை, புன்னாலைக்கட்டுவன். ஒவ்வொன்றிலும் அந்த 13 எழுத்துகளில் ஒன்றோ இரண்டோ இருக்கிறது. எழுத்துணரி ஓடிய பிறகு ‘பிள்ளை’ சில இடத்தில் ஐகாரம் விழுந்து ‘பிள்ள’ என்று நிற்கும். சில இடத்தில் நடுவில் சம்பந்தமில்லாத ஒரு குறி வந்திருக்கும். நான் பார்த்த பக்கங்களில் கூகிள் பழைய எழுத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது, ஆனால் அதிலும் தப்புகிறது.

அதோடு தேய்ந்த அச்செழுத்தில் ‘க’வும் ‘சு’வும் ஒன்றுபோலத் தெரியும். ‘ர’வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது. மை கூடிய இடத்தில் புள்ளி அடைபட்டுப்போகும், மை குறைந்த இடத்தில் புள்ளி விழவே விழாது. உபயகாரர் பட்டியலில் பெயருக்கும் தொகைக்கும் நடுவே வரிசையாகக் குற்றுகள் போட்டிருப்பார்கள் அல்லவா, அவற்றில் முதல் இரண்டு மூன்றைக் கடைசி எழுத்தோடு சேர்த்து வாசித்துவிடும். பத்திரிகைப் பக்கமென்றால் ஒரு பத்தியின் வரியிலிருந்து அடுத்த பத்தியின் வரிக்குத் தாவி இரண்டு செய்தியைக் கலந்துவிடும். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுத்தால் அது நிற்கும்.

அதனால்தான் சொல்கிறேன், மென்பொருள் ஓடி முடிந்ததும் ஒரு மனுசக் கண் பார்க்கவேண்டும். முழுப் புத்தகத்தையும் எழுத்தெழுத்தாகத் திருத்த எந்த ஊரிலும் ஆளில்லை, அதை நான் கேட்கவில்லை. பெயர்களை மட்டும் பாருங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், வருடம் இந்த மூன்றும் சரியாக இருந்தால் தேடி வருகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைத்துவிடும். வாழ்த்துச் செய்தியில் ஒரு ‘ன்’ விழுந்தால் யாருக்கும் நட்டமில்லை.

எங்கள் வாசிகசாலையில் இதைச் செய்யும்போது நான் கண்ட ஒரு விஷயம். எழுத்துணரி தந்த பட்டியலைத் தம்பி திரையில் வாசிக்க, ஊரில் வயதான ஓர் ஆச்சி மலரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுந்தையா, ரூபா இருபத்தைந்து."

"தம்பி, அது சுந்தையா இல்லை, கந்தையா. வடிவாப் பார் மேனை, க."

"ஓம் ஆச்சி, க தான். அடுத்தது பொன்யா."

"பொன்னையா. தேர்முட்டிக்குப் பின்னாலை இருந்தவை. ஆனா அவர் இருபத்தைஞ்சு குடுக்கேல்லை, அம்பது குடுத்தவர், எனக்குத் தெரியும்."

தம்பி என்னைப் பார்த்தார். மலரில் இருபத்தைந்து என்றே அச்சாகியிருந்தது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். எழுத்து அடுக்கில் அச்சில் உள்ளதுதான் வரவேண்டும். ஆச்சி சொன்னதைத் தனியாக ஒரு குறிப்பில் எழுதி, யார் சொன்னது, எந்தத் திகதி என்றும் போட்டு வைத்தோம். திருத்துகிறேன் என்று சொல்லி மூலத்தை மாற்றத் தொடங்கினால் பிறகு எது மலரில் இருந்தது, எது எங்கள் நினைவில் இருந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் ஆச்சி இல்லாமல் அந்தப் பட்டியல் சரிவந்திருக்காது என்பதும் உண்மை. தேய்ந்த எழுத்தில் பாதி தெரிகிற பெயரை, ஆளைத் தெரிந்த ஒருவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறார். அந்த ஆட்கள் இன்னும் எங்களோடு இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிடவேண்டும் என்பதுதான் என் அவசரம்.

இனி 1990களுக்குப் பிந்திய மலர்கள். இவை கணினியில் தயாரானவை, ஆகவே தேட முடியும் என்று நினைப்போம். அதுவும் சரிவராது. இங்கே அச்சகங்களில் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் ரைப் செய்தார்கள். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அந்தப் பி.டி.எப். கோப்பில் ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டிப் பாருங்கள், ஒரு தமிழ் எழுத்தும் வராது. இதற்கு எழுத்துணரி கூடத் தேவையில்லை. அச்சகத்தில் மூலக் கோப்பு இருந்தால் வாங்குங்கள். பாமினியை, எல்லாக் கணினியும் தமிழாகவே அறிகிற யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு, நிமிடக் கணக்கில் வேலை முடியும், எழுத்துப்பிழையும் குறைவு. பழைய அச்சகங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அவர்களுடைய கணினிகளோடு, பக்கங்களை வடிவமைத்த பேஜ்மேக்கர் கோப்புகளும் போய்விடும். கோயில் சபைகள் இந்த மாதமே போய்க் கேட்கலாம்.

கையெழுத்தில் இருக்கிற கூட்டக் குறிப்பேடுகளுக்கு நான் சொன்ன கருவிகளை நம்ப முடியாது. அவற்றைப் படமாக வைத்துக்கொண்டு, எந்தத் திகதிக் கூட்டத்தில் யார் தலைமை தாங்கினார், யார் யார் வந்தார்கள் என்று ஒரு பட்டியலை மட்டும் ரைப் செய்து சேர்த்தால் போதும்.

இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு வெளியிடுகிற, கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு நூல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை, எந்த ஊரில் சம்பந்தம் செய்தார்கள், யார் எந்த நாட்டில் என்று எல்லாம் அதில் இருக்கும். ஊர் வரலாறு எழுத இதைவிட நல்ல மூலம் எனக்குத் தெரியாது. ஆனால் உயிரோடு இருப்பவர்களின் பெயர், தொழில், முகவரியும் அதிலேயே இருக்கிறது. படமாக இருக்கும்வரை புரட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்த விபரம், எழுத்தானதும் உலகத்தில் எங்கிருந்தும் தேடி எடுக்கக்கூடியதாகிவிடும். கிட்டிய காலத்துக் கல்வெட்டைப் போடுவதற்கு முன்பு குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காணி உறுதிகளையும் அடையாள அட்டை இலக்கம் உள்ள படிவங்களையும் பொது இணையத்தில் ஏற்றவே வேண்டாம்.

இன்னுமொன்று, இது வருத்தத்தோடு சொல்வது. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் பழைய சஞ்சிகைகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பி, அந்தப் படங்களைச் சேர்த்து ஒரு பி.டி.எப். ஆக்கிவிட்டு, இனி இடம் எதற்கு என்று மூலப் பிரதிகளைப் பழைய கடதாசிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். சாதாரணப் படமாக அனுப்பாமல் டொக்குமென்ட் என்று அனுப்பினால்தான் முழு அளவில் போகும். இன்று அந்தப் பக்கங்களைப் பெரிதாக்கினால் எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. ‘ண’வா ‘ன’வா என்று எனக்கே தெரியவில்லை, எழுத்துணரி என்ன செய்யும்? திரும்ப ஸ்கான் செய்யக் கடதாசியும் இல்லை. நிர்வாகத்தினரைக் குற்றம் சொல்லி ஆவது ஒன்றுமில்லை, அவர்கள் நல்லது செய்வதாக நினைத்தே செய்தார்கள். மற்றவர்களாவது கவனிக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கான் செய்யுங்கள், எழுத்து பொடியாக இருந்தால் 400. பக்கம் சரியாமல் நேராக இருக்கட்டும். மூலப் பிரதியை ஒருபோதும் எறியாதீர்கள். இன்று வாசிக்காத பழைய எழுத்தை நாளை வருகிற மென்பொருள் வாசிக்கும், அதற்குக் கொடுக்க நல்ல படமும் நல்ல கடதாசியும் கையில் இருக்கவேண்டும்.

இந்த வேலையை ஏற்கெனவே பெரிய அளவில் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் பல வெளியீடுகளின் பக்கத்தில் பி.டி.எப். இணைப்போடு எழுத்துணரியாக்கம் என்றும் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் பிழைகளோடுதான் எழுத்து வரும், ஆனால் தேடலாம். பழைய வெளியீடு வைத்திருக்கும் சபைகள் ஒரு பிரதியை அங்கேயும் சேர்ப்பது நல்லது. ஒரு கோயிலின் சொந்தத் தளம் பராமரிக்க ஆளில்லாமல் இரண்டு வருடத்தில் மறைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

தேடுகிறவர்களுக்கும் ஒரு சொல். முழுச் சொல்லை அடிக்காதீர்கள். ‘யாழ்ப்பாணம்’ என்று அடித்தால் யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்தார் என்று உள்ள இடமெல்லாம் தப்பிப்போகும், ‘யாழ்ப்பாண’ போதும். வேலுப்பிள்ளையைத் தேடும்போது ‘வேலுப்பி’ என்று நிறுத்துங்கள். கந்தையா கிடைக்காவிட்டால் சுந்தையா என்றும் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1841 இல் உதயதாரகையும் 1889 இல் இந்து சாதனமும் வெளிவரத் தொடங்கிய மண் இது. இங்கே நடந்தவற்றை நாள் நாளாகச் சொல்லக்கூடியவை பத்திரிகைகள்தான். உங்கள் அலுவலகத்தில் கட்டிவைத்திருக்கும் பழைய இதழ்களை ஸ்கான் செய்யும் எண்ணம் இருந்தால், மரண அறிவித்தல் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்பேன். பெயரும் ஊரும் திகதியும் உறவுமுறையும் ஒரே இடத்தில் அச்சாகியிருக்கும் பக்கங்கள் அவை. வெளிநாட்டிலிருந்து எங்கள் வாசிகசாலைக்கு வருகிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. திருத்தம் பார்க்க ஆள் வேண்டுமென்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கேளுங்கள். விடைத்தாள் திருத்திப் பழகிய கண்கள், ஒரு பிழையையும் விடமாட்டோம்.

எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நானும் தம்பியும் இருக்கிறோம். ஊரவர்கள் வீட்டில் உள்ள பழைய மலர்களைக் கொண்டுவரலாம். ஸ்கான் செய்து, பெயர்களைச் சரிபார்த்து, புத்தகத்தை அன்றைக்கே கையில் திருப்பித் தருவோம். தேடக்கூடிய பிரதி அடுத்த கிழமை கிடைக்கும். கனடாவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை,
கோண்டாவில்.